உப்புச் சுவர்

கரா-ஜார்
22 ஜனவரி 2019

தாலாய்,

போனில் மூன்று முறை பேசியாகிவிட்டது. மூன்று முறையும் நீ அழுதாய், நான் உன்னைச் சமாதானப்படுத்தினேன். போனை வைத்த பிறகுதான், கேட்க நினைத்ததில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை என்று புரிந்தது. அதனால் எழுதுகிறேன். பிஷ்கெக் வேன் ஓட்டும் துலேகனிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு. காகிதத்தில் எழுது. காகிதத்தில் அழ முடியாது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பதின்மூன்றாம் தேதி டாக்டர்கள் கூட்டத்துக்காக நான் நாரின் நகரத்துக்குப் போயிருந்தேன். மறுநாள் காலையில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது, பாதையை மூடிவிட்டார்கள். இங்கே பிரசவ விடுதியில் நர்ஸ் கலிமா அக்கா ஒருத்தர்தான். ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. பத்து மணிக்கு அனார்குலைப் பக்கத்து வீட்டுக்காரர் குதிரைச் சறுக்கு வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தன் மாடுகளைப் பார்க்கப் போய்விட்டார். எட்டாவது மாதம், பனிக்குடம் உடைந்திருந்தது. புருஷன் ஆடுகளோடு குளிர்கால மேய்ச்சலில். பதினொன்றரைக்குக் குழந்தை பிறந்தது. பெண். ஒன்றே முக்கால் கிலோ. நன்றாக அழுதது என்று கலிமா அக்கா சொல்கிறார்.

அறை காலையில் பத்தொன்பது டிகிரி. மதியம் பதினான்கு. மூன்று மணிக்கு ஒன்பது. வெயிலே இல்லாவிட்டாலும் நீ கட்டிக் கொடுத்த இந்தச் சுவர் முப்பது மணி நேரம் அறையைப் பதினெட்டுக்குக் கீழே விடாது என்று திறப்பு விழாவில் நீ மைக் பிடித்துச் சொன்னாய். ஊரே கை தட்டியது. நானும் தட்டினேன்.

அனார்குலுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளை அசைக்க முடியாது. குழந்தையை அவள் மார்போடு வைத்து, இருந்த கம்பளி எல்லாவற்றையும் மேலே போட்டிருக்கிறார். வெந்நீர்ப் புட்டி வைக்கலாமென்றால், தண்ணீர் சுட வைக்க விடுதியில் ஒன்றுமே இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். அந்தக் காற்றில் போய்வர இருபது நிமிடம். திரும்பி வந்தபோது அனார்குல் மயங்கிக் கிடந்தாள். கை தளர்ந்து குழந்தை ஒரு பக்கமாகச் சரிந்து, உதடு நீலம் பாரித்திருந்தது. அதன் பிறகு அதைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலரை மணிக்கு அது போய்விட்டது. அனார்குல் பிழைத்துக்கொண்டாள்.

விசாரணை அதிகாரிகள் அந்த இருபது நிமிடத்தைப் பற்றி மட்டும்தான் கேட்கிறார்கள். சுவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். சுவருக்கு என்ன ஆயிற்று?

ஜிபார்


பிஷ்கெக்
29 ஜனவரி

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஐந்து நாள் அலைந்தேன். அந்தக் குழந்தையை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், சுவர் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சுவருக்குள் தட்டைப் பெட்டிகளில் ஒருவகை உப்பு இருக்கிறது. தென்புறக் கண்ணாடி வழியாக வெயில் பட்டால் உருகும். உருகும்போது சூட்டை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். அறை குளிர ஆரம்பித்தால் மறுபடி இறுகும். இறுகும்போது, வாங்கி வைத்ததைத் திருப்பிக் கொடுக்கும். கரி வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஆனால் முதலில் சூடு உள்ளே போயிருக்க வேண்டும். புயலுக்கு முந்தின நாள் வானம் எப்படி இருந்தது? பகலில் ஜன்னல் திரையைத் திறந்து வைத்திருந்தார்களா? கலிமா அக்காவுக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும் என்று திரையை இழுத்துவிடுவார், நானே பார்த்திருக்கிறேன். வாசல் கதவு எத்தனை தடவை திறந்தது? இதெல்லாம் தெரியாமல் சுவருக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல முடியாது.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. காரணங்கள் பல இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

மூன்று பள்ளிக்கூடங்களில் இதே பெட்டிகளைப் பொருத்தி முடித்துவிட்டோம். இன்னும் நான்கு இருக்கின்றன. மார்ச்சில் எனக்கு ஒரு நாள்கூட விடுப்பு கிடைக்காது. ஏப்ரலில் வருகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி
தாலாய்


கரா-ஜார்
4 பிப்ரவரி

தாலாய்,

திரை. உனக்குக் கிடைத்தது திரைதானா?

முந்தின நாள் வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்கு முந்தின நாளும். ஜன்னலில் திரையே கிடையாது. துவைக்கப் போட்டது இன்னும் மாட்டவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

நேற்றுக் காலையில் கலிமா அக்காவை நாரினுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடமை தவறியதால் நேர்ந்த மரணம் என்று வழக்கு. பெண் போலீஸ் வந்து நின்றபோது அவர் புருஷனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ஓர்மோன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருடம் ஆகிறது. வலது பக்கம் சுத்தமாக அசையாது, பேச்சும் வராது. கிண்ணத்தைக் காலி செய்து, வாயைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்தார். அதிகாரி அவசரப்படுத்தினான். "இருப்பா, ஓடியா போகப்போறேன்? எனக்கு ஓடத் தெரியும்னுதானே கேஸே போட்டிருக்கீங்க" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு சாவியை என் கையில் வைத்தார். "பொண்ணு, வீட்டுக்காரரை ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடணும். இல்லேன்னா முதுகு புண்ணாயிரும். ஊர்ல வேற எவளும் உள்ள வரமாட்டா. நீ பாத்துக்க."

உண்மைதான், எவளும் வரமாட்டாள். பிள்ளையைக் கொன்றவள் வீடு என்று சொல்லி வாசலில் சாம்பல் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அவருடைய பிள்ளைகள் இருவரும் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். விடுதியில் இப்போது நான் தனி ஆள். இரண்டு மணிக்கொரு முறை எங்கே போவது? காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஓடுகிறேன்.

உனக்கு இன்னொன்றை ஞாபகப்படுத்துகிறேன். அந்த அறையில் ஓர் இரும்பு அடுப்பு இருந்தது. சாணி வறட்டி போட்டாலே கால் மணியில் அறை கொதிக்கும். அடுப்பு இருந்தால் புகையில்லாக் கட்டடம் என்று சான்றிதழ் தரமாட்டார்கள், எடுத்துவிடுங்கள் என்று சொன்னது நீ. ஆள் வைத்துத் தூக்கிப் போட்டு, குழாய் போன ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்தது நான். நீ சொன்னாய் என்பதற்காக. எனக்குப் பத்து வயதில் அம்மா செத்த பிறகு நான் முதுகில் சுமந்த பையன் சொன்னான் என்பதற்காக.

அந்த உப்பை நீ எப்போதாவது சோதித்துப் பார்த்தாயா? எவ்வளவு நாள் உழைக்கும் என்று உனக்குத் தெரியுமா? ஆமாம் என்று எழுது, அல்லது இல்லை என்று எழுது. வானத்தைப் பற்றி எழுதாதே.

ஜிபார்


பிஷ்கெக்
10 பிப்ரவரி

அக்கா,

ஆமாம்.

கடந்த மே மாதம் சோதித்தேன். உங்கள் விடுதியைத் திறந்து எட்டு மாதம் கழித்து. அதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். இந்த உப்பைத் தனியாக உருக்கி உருக்கி இறுக விட்டால், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துவிடும். கெட்டியான பகுதி அடியில் படியும், தண்ணீர் மேலே நிற்கும். பிறகு இரண்டும் முழுதாகச் சேராது. சேராமல் எப்படி இறுகும்? இறுகாமல் எப்படிச் சூடு தரும்? பிரியாமல் இருப்பதற்காக ஒரு பசையைக் கலக்க வேண்டும். என் வரைபடத்தில் பசை இருந்தது. சரக்கு வந்தபோது இல்லை. வெளியிலிருந்து வாங்கிக் கொடுத்தவன் பசை இல்லாததை அனுப்பியிருந்தான். நான் பார்த்தேன், அக்கா. ஒரு பெட்டியைக் குலுக்கியபோதே தெரிந்தது. தண்ணீர் மாதிரி ஆடியது. திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது, விருந்தாளிகளுக்கு அழைப்பு போயாகிவிட்டது. ஒரு குளிர்காலம் ஓடட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எங்கள் நிறுவனத் தலைவர் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மே மாதத்தில் மனது கேட்காமல் மீதமிருந்த பெட்டியை ஆய்வகத்தில் வைத்து இருநூறு தடவை உருக்கி இறுக்கினேன். மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அறிக்கையாக எழுதி, தேதி போட்டு, மேசை இழுப்பறையில் வைத்தேன். அன்று முதல் அங்கேதான் இருக்கிறது. கோடையில் வந்து மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். கோடையில் பள்ளிக்கூட வேலை வந்துவிட்டது.

கலிமா அக்காவைக் காப்பாற்ற அந்த அறிக்கை போதும் என்று எனக்குத் தெரியும். அதைக் கொடுத்தால் எனக்கு என்ன ஆகும் என்றும் தெரியும். ஆனால் நீங்கள் கேட்ட தொனியில் நானும் ஒன்று கேட்கிறேன். சுவரின் சூட்டைத் தினம் இரண்டு வேளை எழுதச் சொல்லி நான் ஒரு நோட்டுக் கொடுத்திருந்தேன். கலிமா அக்கா ஒரு நாள் தவறாமல் எழுதினார். நவம்பரில் அவர் எனக்குக் கடிதம் போட்டார், அதில் இரண்டு பக்கத்து எண்களை அப்படியே பார்த்து எழுதியிருந்தார். 'உன் அக்காவிடம் சொன்னேன், மேகம் என்கிறாள், நீயாவது வந்து பார்' என்று இருந்தது. நான் பதில் போடவில்லை. அது என் பாவம்.

அந்த நோட்டு எங்கே, அக்கா? விசாரணைக் காகிதங்களில் அது இல்லை. வக்கீல் நண்பர் ஒருவரை வைத்துப் பார்த்துவிட்டேன்.

தாலாய்


கரா-ஜார்
17 பிப்ரவரி

தாலாய்,

என்னிடம்தான் இருக்கிறது. என் அறையில், மாவு டப்பாவுக்குப் பின்னால்.

பாதை திறந்ததும் பதினாறாம் தேதி நான்தான் முதலில் வந்தேன். அதிகாரிகள் வர இரண்டு மணி நேரம் இருந்தது. கலிமா அக்கா அப்போதும் அனார்குலின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. நான் நேராக மேசைக்குப் போய், நோட்டை எடுத்து, கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் என்று யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது. முதல் பக்கத்தில் உன் கையெழுத்து இருக்கிறது.

விசாரணையில் அவர் அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அதிகாரி என்னிடம் கேட்டான். "அப்படி ஒரு நோட்டு எனக்குத் தெரியாது" என்று சொன்னேன். அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டார், பொய் சொன்னது அவர்தான் என்பது மாதிரி.

நவம்பரில் அவர் சொன்னதும் உண்மை. ஒருநாள் காலையில் சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "பொண்ணு, இந்தச் சுவருக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஒரே வியாதி. கீழ்ப்பாதி உயிரோட இருக்கு, மேல்பாதி செத்துப்போச்சு" என்றார். நான் சிரித்துவிட்டு, மேகமூட்டம், சரியாகிவிடும் என்றேன். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கும் தெரிந்தது, தாலாய். என் தம்பி கட்டிய சுவர் செத்துவிட்டது என்று மேலிடத்துக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. கரண்ட் இருக்கிறதே, ஹீட்டர் இருக்கிறதே, வசந்தம் வரை ஓட்டிவிடலாம் என்று இருந்தேன்.

இப்போது நோட்டைக் கொடுத்தால் எனக்குத் தெரிந்திருந்தது என்று ஆகும். ஒளித்து வைத்தேன் என்றும் ஆகும். வேலை போகும், அதோடு நிற்காது. நான் உள்ளே போனால் இங்கே பதினொரு கர்ப்பிணிகளை யார் பார்ப்பது? ஓர்மோன் அண்ணனை யார் பார்ப்பது? இப்போதே அவர் முதுகில் இரண்டு இடத்தில் தோல் உரிந்திருக்கிறது.

உன் அறிக்கை ஒன்று போதும். சரக்கில் கோளாறு, தெரிந்தது ஆய்வகத்துக்கு மட்டும், இங்கே யாருக்கும் தெரியாது. அப்படிச் சொன்னால் அவர் வெளியே வந்துவிடுவார். நீ முதலில் கொடு. கட்டியவன் நீ.

ஜிபார்


பிஷ்கெக்
25 பிப்ரவரி

அக்கா,

கட்டியவன் நான்தான். ஆனால் செத்துக்கொண்டிருந்த சுவரைத் தினமும் பார்த்தவர் நீங்கள்.

என் அறிக்கை மட்டும் போனால் என்ன நடக்கும் என்று வக்கீல் நண்பரிடம் பொதுவாகக் கேட்டேன். பழைய பெட்டி ஒன்றை வைத்துச் செய்த சோதனை, அந்தச் சுவருக்கு என்ன ஆயிற்று என்பதற்கு அது சாட்சியாகாது, அந்தச் சுவரை அளந்த எண் வேண்டும் என்கிறார். நோட்டு இல்லாமல் அறிக்கை கொடுத்தால் நான் மட்டும் முடிந்துபோவேன், கலிமா அக்காவும் வெளியே வரமாட்டார். நீங்கள் நோட்டைக் கொடுங்கள். அது போய்ச் சேர்ந்தது என்று தெரிந்த அன்றே அறிக்கையைக் கொடுக்கிறேன். சத்தியமாக.

இன்னொரு வழியும் சொல்கிறார். கலிமா அக்கா குற்றத்தை ஒத்துக்கொண்டால், வயதையும் முப்பது வருடச் சேவையையும் பார்த்து, சிறையில்லாமல் விட வாய்ப்பு இருக்கிறதாம். நல்ல வக்கீலாக நானே வைத்துத் தருகிறேன். அவர் வீட்டுக்கு ஒரு லாரி கரியும் அனுப்புகிறேன். நீங்கள் நாரின் போய் அவரிடம் பேசிப் பாருங்களேன். உங்கள் பேச்சைக் கேட்பார்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் அனுப்புகிறேன்.

தாலாய்


கரா-ஜார்
6 மார்ச்

மூன்றாம் தேதி மதியம் ஓர்மோன் அண்ணன் செத்துப்போனார்.

முதுகுப் புண் எலும்புவரை போய்விட்டது. காய்ச்சல் நான்கு நாள். ஊசி போட்டேன். அது மருந்துக்கு அடங்கும் நிலையில் இல்லை. அவருக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். கண் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நான்தான் உள்ளே வந்தேன்.

வழக்கப்படி வாசலில் கம்பளிக் கூடாரம் போட்டார்கள். அதற்கு மட்டும் ஊர் வந்துவிட்டது. ஆண்கள் வெளியே கோலை ஊன்றி நின்று அழுதார்கள். உள்ளே, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொல்ல வேண்டிய இடத்தில் பெண்டாட்டி இல்லை. அந்த இடத்தை யாருமே நிரப்பவில்லை. இரண்டு நாளும் காலியாகக் கிடந்தது. பிள்ளைகளுக்கு விமானம் கிடைத்து வந்து சேர்வதற்குள் மண்ணில் வைத்துவிட்டார்கள்.

கலிமா அக்காவுக்குச் சேதி சொல்ல நான் நாரின் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்: "புரட்டிப் போட்டியா?"

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

அங்கிருந்து நேராக விசாரணை அதிகாரியின் அறைக்குப் போய் நோட்டை மேசையில் வைத்தேன். யார் எடுத்தது, எப்போது எடுத்தது, ஏன் எடுத்தது, நவம்பரில் அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் கடிதங்களைக் கொடுக்கவில்லை. நீயே போ.

கலிமா அக்கா உள்ளே போனதிலிருந்து ஓர்மோன் அண்ணன் சாகும்வரை இருபத்தெட்டு நாளும் நாம் இருவரும் ‘நீ முதலில், நீ முதலில்’ என்று எழுதிக்கொண்டிருந்தோம், தாலாய். துலேகன் சளைக்காமல் மலை தாண்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.


பிஷ்கெக்
14 மார்ச்

அக்கா,

உங்கள் கடிதம் எட்டாம் தேதி வந்தது. அன்று வெள்ளிக்கிழமை, பெண்கள் தின விடுமுறை, எல்லா அலுவலகமும் மூடியிருந்தது. இழுப்பறையைத் திறந்து அறிக்கையை எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமைவரை வீட்டில் இருந்தால் மனது மாறிவிடும் என்று பயமாக இருந்தது. அதனால் மறுநாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு, நாங்கள் முடித்த பள்ளிக்கூடங்களில் முதலாவதற்குப் போனேன். இரண்டு மணி நேரப் பயணம். சரக்கு புதியது, இதிலாவது பசை இருக்கும் என்று வழி நெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலைவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். நான் குலுக்கிப் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்து அனுபவித்துவிட்டேன் அல்லவா, இந்தத் தடவை பார்க்கவே இல்லை.

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். என்னைக் கண்டதும் டீ போடச் சொன்னார். நான் கடப்பாரையைக் கேட்டேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பலகையைப் பெயர்த்து, பெட்டியை உடைத்தேன். உப்புத் தண்ணீர் தரை முழுக்க ஓடியது. அடியில் வெள்ளையாகக் கட்டி. அதே சரக்கு. ஐந்து மாதத்தில் பிரிந்துவிட்டது.

அவர் ஈரத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க சொன்னீங்கன்னு பழைய பாய்லரைக் கழட்டி இரும்புக்குப் போட்டுட்டோம். இப்ப நூத்தி அறுபது பிள்ளைங்களை எங்க உக்கார வைக்க?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். மற்ற இரண்டு பள்ளிக்கூடங்களிலும் அதேதான். மூன்றையும் மூடியாகிவிட்டது. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை அறிக்கையைக் கொடுத்தேன். கலிமா அக்கா எனக்கு எழுதிய கடிதத்தையும் கொடுத்தேன். தலைவர் தனக்கு எதுவும் தெரியாது என்கிறார். கையெழுத்து என்னுடையது, அதனால் அவர் சொல்வது செல்லும். நாளைக் காலையில் வந்து ஆஜராகச் சொல்லியிருக்கிறார்கள். துணி எடுத்துக்கொண்டு வா என்றார்கள்.

அறிக்கையை மே மாதமே கொடுத்திருந்தால் நான் வேலையை மட்டும்தான் இழந்திருப்பேன். அதை நினைத்துத்தான் இப்போது சிரிப்பு வருகிறது. நான் பயந்தது அவ்வளவு சின்ன விஷயத்துக்கு.

தாலாய்


கரா-ஜார்
13 ஏப்ரல்

தாலாய்,

நீ இருக்கும் இடத்தில் இதைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று வக்கீல் சொன்னார். படிக்கட்டும்.

கலிமா அக்காவை மார்ச் இருபதில் விட்டுவிட்டார்கள். வழக்கு அவர் பெயரிலிருந்து எடுக்கப்பட்டு நம் இருவர் பெயருக்கு மாறிவிட்டது. ஊரைவிட்டுப் போக மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு என்னை வெளியே வைத்திருக்கிறார்கள். விடுதியை மூடிவிட்டார்கள். வலி வந்தால் நாரினுக்குத்தான் போக வேண்டும். போன வாரம் ஒருத்திக்குக் கணவாயிலேயே காருக்குள் பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். இந்தத் தடவை.

நேற்று முன்தினம் ஓர்மோன் அண்ணனுக்கு நாற்பதாம் நாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நாற்பதாம் நாளுக்கு யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை என்பது உனக்குத் தெரியும். போனேன். விருந்துக்குக் குதிரை அடித்திருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் வந்திருந்தார்கள். பெண்கள் கூடாரத்துக்குள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் சாம்பல் கொட்டியவர்களும் அங்கேதான் இருந்தார்கள், கலிமா அக்கா கையால் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு. அனார்குலும் வந்திருந்தாள்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்: "கலிமா அக்கா சொன்ன நோட்டு இருந்துச்சு. நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன். தெரியாதுன்னு பொய் சொன்னேன். சுவர் கெட்டுப்போச்சுன்னு அவங்க நவம்பர்லயே சொன்னாங்க, நான்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அடுப்பைத் தூக்கிப் போட்டதும் நான்தான். அவங்க மேல ஒரு தப்பும் கிடையாது. இவரு செத்ததுக்கும் நான்தான் காரணம்."

நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஒரு கிழவி ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

அனார்குல்தான் கேட்டாள். "அறை சூடா இருந்திருந்தா, அது பிழைச்சிருக்குமா?"

ஒன்றே முக்கால் கிலோவில் பிறந்ததை எத்தனையோ வளர்த்திருக்கிறேன். எவ்வளவோ காரணங்கள் சொல்லலாம். நீயாக இருந்தால் சொல்லியிருப்பாய். நான் அன்றுவரை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

"பிழைச்சிருக்கும்" என்றேன்.

அவள் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனாள். குதிரைகள் கட்டியிருந்த பக்கம் நின்றாள். யாரும் பின்னால் போகவில்லை. நானும் போகவில்லை. போக எனக்கு என்ன உரிமை?

நான் திரும்பி நடந்தபோது கலிமா அக்கா வந்து குறுக்கே நின்றார். கையில் தட்டு. கறி, ரொட்டி, ஒரு கிண்ணம் சூப். இளைத்துப் பாதியாகிவிட்டார். கருப்புத் துணி கட்டியிருந்தார். தட்டை என் கையில் வைத்தார்.

"செத்தவர் வீட்டிலேர்ந்து வெறும் வயித்தோட யாரையும் அனுப்பறதில்ல. சாப்பிட்டுட்டுப் போங்க, டாக்டர். இனிமே இங்க வராதீங்க."

இருபத்திரண்டு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அவர் என்னை ‘நீங்க’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வாசலோரம் உட்கார்ந்தேன். எனக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். தட்டில் இருந்ததை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிக்க வெகுநேரம் ஆனது.

ஜிபார்